கங்காணியம்மாவின் நீச்சல் தடாகம்

“எந்திரிங்க, எந்திரிங்க, வெயிலு வந்துருச்சு” என்று நாகலெட்சுமி கதவைத் தட்டினார். வெயில் வரவில்லை. யன்னலைத் திறந்து பார்த்தேன். பத்தடி தள்ளி நேற்று வரை நின்ற சவுக்கு மரத்தையே காணவில்லை, பனிதான் நின்றது. கதவைத் திறந்தால் கையில் தட்டோடு அவர். இரண்டு கோப்பை பால் விடாத தேயிலைச் சாயத் தண்ணி, ஓரத்தில் இரண்டு துண்டு கருப்பட்டி. “குடிச்சிட்டு வெளிய வாங்க சேர். படுத்தே கெடந்தா ஒடம்பு மரத்துப் போயிரும்” என்றார். நாங்கள் அங்கே போனதே படுத்துக் கிடக்கத்தான். அதற்குத்தான் முற்பணமும் கட்டியிருந்தோம்.

“இஞ்சேருங்கோப்பா, உவ எங்களை இந்த நேரத்தில எங்க வரச் சொல்லுறா?” என்று போர்வைக்குள் இருந்து என் மனைவி சிவதர்சினி கேட்டாள்.

“பெரட்டுக்கு” என்றேன்.

தேயிலைத் தோட்டத்தில் காலையில் தொழிலாளரை நிறுத்தி ஆள் பார்த்து வேலை பிரித்துக் கொடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். நாகலெட்சுமி பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து, பிறகு பெண்களை மேய்க்கும் கங்காணியாகி, ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது தோட்டத்து ஏட்டில் நடந்த விஷயம். அதை அவருடைய தொண்டைக்கு யாரும் அறிவிக்கவில்லை. ஒரு மலையில் நின்று அடுத்த மலையில் நிற்பவளை ‘அந்த நெரைய முடிச்சிட்டு வாடி’ என்று வேலை வாங்கிய குரல் அது. இப்போது மூன்று அறை கொண்ட ஒரு லொட்ஜுக்குள் அடைபட்டிருக்கிறது. கொழும்பிலிருந்து இளைப்பாற வருபவர்கள்தான் இப்போதைய கொழுந்துக்காரிகள். தமிழருக்கு “எந்திரிங்க”, சிங்களவருக்கு “நெகிட்டின்ன”, வெள்ளைக்காரருக்கு “கெட்டப் சேர், கெட்டப்.” மொழிச் சமத்துவத்தை இந்த நாட்டில் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் இன்னொரு நிறுவனத்தை நான் பார்த்ததில்லை.

ஆள் உயரமில்லை. சேலைக்கு மேல் ஆண்களுடைய ஸ்வெட்டர், காலில் மகன் விட்டுப்போன சப்பாத்து, இடுப்பில் சாவிக் கொத்து. நடக்கும்போது கை தானாகப் போய்ப் பாதையோரத்துச் செடியில் நுனியைக் கிள்ளும். ரோஜாவோ ஜெரேனியமோ, எதுவானாலும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் போய்விடும். அதனால் லொட்ஜைச் சுற்றியிருக்கும் பூச்செடிகள் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கின்றன, ஒன்றிலும் பூ இல்லை.

நாங்கள் ஏன் போனோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் நுவரெலியாவில் அரசாங்க உத்தியோகம் பார்க்கும் யாழ்ப்பாணத்தான். குளிர் தாங்காமல் வருடம் முழுவதும் இரண்டு காலுறை போடுகிறேன். அப்படிப்பட்டவன் ஓய்வெடுக்க எங்கே போக வேண்டும்? மன்னாருக்குப் போகலாம், மட்டக்களப்புக்குப் போகலாம். சிவதர்சினி போனில் ஒரு படத்தைக் காட்டினாள். மலை, மலைக்கு நடுவே நீல நீச்சல் தடாகம், தண்ணீருக்கு மேல் மெல்லிய ஆவி. “சுடுதண்ணி நீச்சல் தடாகமப்பா” என்றாள். அந்த ஆவியை நம்பி நாங்களும், எங்களுக்கு முன்னும் பின்னும் பலரும் ஏமாந்தோம். ஆவி இல்லை அது, பனி. படத்தைப் போட்டவர்கள் சுடுதண்ணீர் என்று எங்கும் எழுதவில்லை, இல்லையென்றும் எழுதவில்லை.

தடாகம் நிஜத்தில் படத்தைவிடச் சிறியது, குளிர் பெரியது. மேலே மலையிலிருந்து குழாயில் வரும் ஊற்றுத் தண்ணீர் நேராக அதற்குள் விழுகிறது. வந்த அன்றைக்கே வேட்டியை மடித்துக்கொண்டு ஒரு பெருவிரலை விட்டுப் பார்த்தேன். அந்த விரல் என்னுடையதுதான் என்பது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் நிச்சயமாயிற்று. போதாதற்குக் கங்காணியம்மாவின் சட்டங்கள் வேறு. சாப்பிட்டதும் இறங்கக்கூடாது, சாப்பிடாமலும் இறங்கக்கூடாது. பனி விழுந்தால் கூடாது, தும்மினவர் அன்று முழுக்கக் கூடாது. “தடிமன் புடிச்சா ஒங்க ஆபீசா வந்து கசாயம் வச்சிக் குடுக்கும்?” என்றார். எல்லாச் சட்டங்களையும் கூட்டிப் பார்த்தால் அந்தத் தடாகத்தில் சட்டப்படி இறங்கக்கூடியது தவளை மட்டுமே.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில்தான் தீர்ப்பு. தோட்டத்தில் ஒரு நாளுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்து நிறையில் குறைந்தால், நாள் முழுக்க மலையில் நின்றிருந்தாலும் பாதிநாள் வேலையாகத்தான் பதிவார்கள். அது அரைப்பேர். நாகலெட்சுமி விருந்தினருக்கும் பேர் போடுகிறார். வியூ பொயின்ட் வரை ஏறி இறங்கி, தட்டைக் காலி செய்தவருக்கு முழுப்பேர். நான் பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து திரும்பியவன். “சேருக்கு இன்னிக்கு அரைப்பேருதான்” என்று சொல்லி ரொட்டியைத் தட்டில் வைத்தார். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் விடுபட்டபோதுகூட அத்தனை அவமானமாக இருக்கவில்லை. மறுநாள் அதே கல்லைக் கடந்து ஏறினேன் என்பதையும் வெட்கத்துடன் இங்கே சொல்லி வைக்கிறேன்.

சிவதர்சினியைச் சமையலறையில் போஞ்சிக்காய் நுள்ள வைத்திருந்தார். அவளும் வீட்டில் காட்டாத ஆர்வத்தோடு நுள்ளினாள். அங்கேதான் விஷயம் வெளியே வந்தது. லொட்ஜ், கங்காணியம்மாவுக்கு ஓய்வில் கைக்கு வந்த சேமலாப நிதியும் மகன் பிரதாப்பின் கட்டார் உழைப்பும் சேர்ந்து எழும்பியது. பிரதாப் அங்கே ஒரு பெரிய ஹோட்டலில் வரவேற்பு மேசையில் நிற்கிறான். நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே நிற்பதுதான் வேலை. விருந்தினர் எது சொன்னாலும் சரி என்பது அவன் படித்த வேதம். அம்மா படித்த வேதம் வேறு. இரண்டுக்கும் நடுவில் இணையத்தில் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. ‘இயற்கை அழகு அருமை. ஆனால் தேனிலவுக்கு வந்த எங்களை விடியற்காலையில் எழுப்பிக் கீரை ஆய வைத்தார்கள்’ என்று ஒரு புதுமாப்பிள்ளை மனம் நொந்து எழுதியிருந்தான்.

“இன்னும் ஒரு மோசமான ரிவியூ வந்திச்சின்னா நுவரெலியாவுல இருந்து மெனேஜர் போட்ருவேன், நீங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிருங்கங்குறான் மிஸ்ஸு” என்றார் நாகலெட்சுமி. தங்கச்சி என்பது மகள் பிரேமினி. வத்தளையில் மாடி வீடு. “நல்ல வீடுதான். மருமகனும் நல்ல மனுசந்தான். ஆனா அங்க மண்ணு இல்ல. நான் அங்க போயி என்ன பண்றது, சன்னல்ல நின்னுக்கிட்டு வேன் எண்ணவா?” போஞ்சியை ஒடித்துக்கொண்டே சொன்னார். கை ஒரு கணமும் நிற்கவில்லை. “இந்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுனது நானு. இங்கதான் சாவேன்னு சொல்லல. இங்க வேல செஞ்சிக்கிட்டே இருக்கணும்னுதான் சொல்றேன்.”

மகன் சொன்னால் சொன்னதுதான். நம்பாமல் கமராக்கள் வேறு பூட்டியிருந்தான். வாசலில் ஒன்று, தடாகத்தின் மேலே கம்பத்தில் ஒன்று. சிவப்பு விளக்கு எரிந்தால் பையன் கட்டாரிலிருந்து பார்க்கிறான் என்று அர்த்தம். பார்ப்பதோடு நிற்காமல் பேசவும் செய்வான். “அம்மா, அவங்கள விடுங்க” என்று வானத்திலிருந்து ஒரு குரல் வரும். முதல் நாள் அதைக் கேட்டுச் சிவதர்சினி விபூதி பூசிக்கொண்டாள்.

ஆகவே அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நாகலெட்சுமி ஒரு விரதம் எடுத்தார். புதிதாக வருகிறவர்களை ஒரு வார்த்தை அதட்டுவதில்லை, என்ன கேட்டாலும் இல்லை என்பதில்லை. நாங்கள் ஏற்கனவே கெட்டுப்போன கணக்கு, எங்களை விட்டுவிட்டார். வந்தது கிஷாந்த், தனுஜா என்று கொழும்பில் கணினி வேலை பார்க்கும் ஒரு சோடி. கிஷாந்த் காரிலிருந்து முதலில் இறக்கியது காற்றடிக்கும் ரோஸ் நிறப் பறவை ஒன்றை. அதைத் தண்ணீரில் விட்டு அதன்மேல் படுத்துப் படம் எடுப்பதற்காக அத்தனை தூரம் வந்திருந்தான். பறவைக்கு மூச்சு முட்ட ஊதி முடித்து, அரைக்காற்சட்டையோடு பனியில் நின்றான்.

நாகலெட்சுமி பார்த்தார். வாய் திறந்தது. நான் ஆவலோடு காத்திருந்தேன். “ஓகே சேர்” என்று மட்டும் வந்தது. தன் மகனைவிட இளையவனைச் சேர் என்று கூப்பிட்டுவிட்டு, நேரே வீட்டின் பின்பக்கம் போனார். பின்னால் கோவாப் பாத்தி, வரிசை வரிசையாக முட்டைக்கோசு. “பனியில அரகொறையா நிக்கிறியே, அறிவிருக்கா ஒனக்கு? பெத்தவ கேக்க மாட்டாளா?” என்று கோவாக்களை விளாசித் தள்ளும் சத்தம் எங்களுக்கு நன்றாகக் கேட்டது. கோவாக்கள் பதில் பேசவில்லை. அன்று பின்னேரம் முழுவதும் இப்படித்தான். அவன் சோற்றை மிச்சம் வைத்தான், ஓகே சேர். ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டான், ஓகே சேர். ஒவ்வொரு ஓகேக்கும் பாத்தியில் ஒரு கோவா திட்டு வாங்கியது.

பிறகு கிஷாந்த் தடாகத்தில் காலை வைத்தான். அவன் போட்ட சத்தம் கொத்மலை நீர்த்தேக்கம் வரை போயிருக்க வேண்டும். “ஆன்ட்டி! ஃபோட்டோவில சுடுதண்ணி மாதிரியெல்லோ இருந்திச்சு? இதச் சூடாக்க ஏலாதா?” என்று ஒரு காலில் குதித்தான். “இப்பிடியெண்டா ரிவியூவில எழுதத்தான் வேண்டி வரும்.” விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனால் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாகலெட்சுமி அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், தடாகத்தையும் பார்த்தார்.

“செஞ்சிரலாம் சேர்” என்றார்.

ஞாயிறு காலையில் கதவு தட்டப்படவில்லை. அந்த அமைதியே என்னை எழுப்பிவிட்டது. வெளியே வந்தால் லொட்ஜின் பின்பக்கம் புகை மண்டலம். மாரியம்மன் கோவிலில் திருவிழாச் சோறு பொங்குகிற அண்டாக்கள் எல்லாம் வரிசையாக அடுப்பில் ஏறியிருந்தன. அடியில் மிலாறு, காய்ந்த தேயிலைக் குச்சி, சடசடவென்று எரிந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வாளியோடு நின்றார்கள். ஞாயிறு தோட்டத்துக்கு விடுமுறை, கங்காணியம்மா கூப்பிட்டதும் வந்துவிட்டார்கள். அவரிடம் அதிக அரைப்பேர் வாங்கிய சாதனைக்காரி பேச்சியம்மாதான் அடுப்புக்குப் பொறுப்பு.

“கங்காணியம்மா, கொளத்தக் காய்ச்சி யாரு தலையில ஊத்தப் போறீங்க?” என்று கேட்டாள்.

“வாயக் கொறச்சி அடுப்பத் தள்ளுடி. சூடு வேணும்னு கேட்டாங்க, குடுக்குறோம்” என்றார் நாகலெட்சுமி. புகைக்காகத் தலையில் ஒரு துண்டை இறுகக் கட்டியிருந்தார். இணையத்துப் புகாருக்கு மிலாறு வைத்துப் பதில் சொல்லும் இந்த முறையை எந்த ஹோட்டல் கல்லூரியும் கற்பித்திராது. வெந்நீர் வாளி வாளியாகக் கை மாறிப் போய்த் தடாகத்தில் விழுந்தது. விழுந்த இடத்தில் ஒரு பெருமூச்சு ஆவி, அவ்வளவுதான். தடாகம் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

நான் கையைக் கட்டிக்கொண்டு ஒரு அதிகாரியின் தோரணையில் பார்வையிட்டேன். அதுதான் நான் செய்த பிழை. “சேர், என்னா வேடிக்க? அந்த வாளியப் புடிங்க” என்றார் நாகலெட்சுமி. கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த கிஷாந்த் “ஐயோ ஆன்ட்டி, நான் சும்மா பகிடிக்குத்தான்...” என்று இழுத்தான். “பகிடிக்கா இம்புட்டு மிலாறு எரியுது? நீ அந்த மொனையில நில்லு தம்பி. தளும்பாமத் தூக்கணும், தரைக்கு எதுக்கு சூடு?” சேர் தம்பியானான், விரதம் அந்த இடத்தில் முறிந்தது. தனுஜா தானாகவே வந்து வரிசையில் நின்றாள். சிவதர்சினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றாள். “தூக்கு, குடு, திரும்பு! தூக்கு, குடு, திரும்பு!” என்று கங்காணியம்மாவின் குரல் முழு வீச்சில் எழுந்தது. எதிர் மலையில் யாரோ பதிலுக்குக் கூவினார்கள்.

தண்ணீர் சூடாகவில்லை. நாங்கள் சூடானோம். வியர்வை வழிய நின்ற கிஷாந்த் கடைசி வாளியை ஊற்றிவிட்டுத் தொபுக்கென்று தடாகத்தில் குதித்தான். “சூடு! சூடு!” என்று கத்தினான். பொய். ஆனால் அவன் நம்பித்தான் சொன்னான். தனுஜா குதித்தாள். பேச்சியம்மா முழங்கால் வரை இறங்கி, “பச்சத்தண்ணியே தேவல” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஏறாமல் அங்கேயே நின்றாள். சிவதர்சினி கரையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து நாளாகியிருந்தது. கரையில் இடுப்பில் கை ஊன்றி நின்ற நாகலெட்சுமியை எனக்கு அப்போது மிகவும் பிடித்துப்போயிற்று. முதுகு வலித்தது. அதையும் மீறிப் பிடித்தது.

அப்போதுதான் சிவப்பு விளக்கு எரிந்தது.

“அம்மா! என்னம்மா பண்றீங்க?” என்று கம்பத்திலிருந்து பிரதாப்பின் குரல் வெடித்தது. “கெஸ்ட்டப் போயி வாளி தூக்க வச்சிருக்கீங்க! லயத்து ஆளுங்க எல்லாம் பூலுக்குள்ள நிக்கிறாங்க!”

பேச்சியம்மா மெல்ல வெளியே ஏறினாள்.

“சூடு கேட்டாங்கப்பா” என்றார் நாகலெட்சுமி. “நீதானே எதக் கேட்டாலும் குடுக்கணும்னு...”

“புரோ, நாங்க விருப்பப்பட்டுத்தான் செய்யுறம். நல்லா இருக்கு, புரோ” என்று தண்ணீருக்குள் இருந்து கிஷாந்த் கத்தினான். நானும் ஏதோ சொன்னேன். விருந்தினர் குறை சொன்னால் காது கொடுக்கப் பழகியவனுக்கு விருந்தினர் பாராட்டினால் கேட்காது போலிருக்கிறது.

“போதும்மா” என்றான் பிரதாப். குரல் இப்போது வெடிக்கவில்லை, வரவேற்பு மேசைக் குரலாகப் பணிந்து, மெருகேறி வந்தது. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. “சுமன்னு ஒருத்தருகிட்டப் பேசிட்டேன். ஒண்ணாந் தேதியில இருந்து அவரு பாத்துக்குவாரு. நீங்க பிரேமினி வீட்டுல போயி ரெஸ்ட் எடுங்க. தயவுசெஞ்சி புரிஞ்சிக்குங்க.”

ரோஸ் நிறப் பறவை மட்டும் தடாகத்தில் மிதந்து ஒரு சுற்றுச் சுற்றியது. கங்காணியம்மா பதில் சொல்லப்போகிறார் என்று நான் நம்பினேன். கோவாவுக்கே அவ்வளவு சொன்னவர் மகனுக்குச் சொல்லாமல் விடுவாரா? எதிர் மலைக்குக் கேட்கும் ஒரு பதிலை நாங்கள் எல்லோருமே எதிர்பார்த்து நின்றோம்.

தோட்டத்தில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. பாதையில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வந்தால் தொழிலாளி ஓரமாக ஒதுங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அவர் சொல்வதை முழுக்கக் கேட்க வேண்டும். அவர் அந்த இடத்தை விட்டுப் போகும்வரை துண்டைத் திரும்பக் கட்டக்கூடாது. இப்போது எந்தத் தோட்டத்திலும் யாரும் அப்படி நிற்பதில்லை.

நாகலெட்சுமி பாதையை விட்டு ஓரமாக ஒதுங்கினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். அதை மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு கம்பத்துக்கு முன்னால் தலையைக் குனிந்தார்.

“சரிங்க தொரை” என்றார்.

இணைப்பு அறுந்துவிட்டதென்று நினைத்தேன். பிறகு கம்பத்திலிருந்து பிரதாப்பின் வேறொரு குரல் வந்தது, மேசையும் மெருகும் இல்லாத குரல்.

“அம்மா... அம்மா, பனி எறங்குது. தலையக் கட்டுங்கம்மா.”

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நாகலெட்சுமி துண்டைக் கட்டவில்லை.